ஜொஹரா லாத்தாவின் வளையலும் கலாமின் கல்வி உதவித்தொகையும்

ஆயிரம் ரூபாய். டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் வாழ்வில் ஏவுகணைகளும் ராஷ்டிரபதி பவனும் வருவதற்கு வெகுகாலம் முன்பு, இந்தத் தொகைதான் அவர் வழியை மறித்து நின்றது. குரோம்பேட்டையில் உள்ள மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில், அதாவது எம்.ஐ.டி.யில், இடம் கிடைத்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. சேர வேண்டுமானால் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். ராமேஸ்வரம் மசூதித் தெருவில் இருந்த அவரது தகப்பனாரிடம் அவ்வளவு பணம் இல்லை.

கலாம் அவர்கள் மறைந்து பத்தாண்டுகள் கடந்துவிட்டன. பேப்பர் போட்ட பையன் ஜனாதிபதியான கதையை நம் வீட்டுப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அந்தக் கதையில் ஒரு பகுதி மட்டும் வேகமாகக் கடந்து போய்விடுவதை நாம் கவனித்திருக்கிறோம். அவர் படித்த படிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து வந்தது, எப்போது வந்தது என்பதுதான் அந்தப் பகுதி. பிளஸ் டூ முடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு கட்டண ரசீதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியம். அதனால் இங்கே அவரது மாணவப் பருவத்தோடு நின்றுகொள்கிறோம்.

1931 அக்டோபர் 15-ல் ஜைனுலாபுதீன் – ஆஷியம்மா தம்பதிக்கு அவர் பிறந்தார். சுண்ணாம்பும் செங்கலும் கொண்டு கட்டிய பழைய வீடு. வீட்டில் எப்போதும் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். ஆஷியம்மா தினமும் எத்தனை பேருக்குச் சோறு போட்டார் என்பதற்குக் கணக்கே இருந்ததில்லை. தகப்பனார் விடியுமுன் எழுந்து தொழுதுவிட்டு, நான்கு மைல் தள்ளியிருந்த தம் சிறிய தென்னந்தோப்புக்கு நடந்தே போய், பத்துப் பன்னிரண்டு தேங்காயைத் தோளில் சுமந்து திரும்புவார். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து அவர் வெளியே வரும்போது, பல மதத்தவரும் கிண்ணத்தில் தண்ணீரோடு காத்திருப்பார்கள். அதில் விரலை நனைத்து துஆ செய்து கொடுப்பார். ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்ல மரத்தில் ஒரு படகு கட்டினார். அது கடற்கரையில் உருவாவதைப் பார்த்தபடியே சிறுவன் கலாம் வளர்ந்தார். ஒரு புயலில் அந்தப் படகு போய்விட்டது. கரையில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே இரவில் முதல் முழுவதும் கடலோடு போவது நம் குடும்பங்களுக்குப் பழக்கமான சங்கதி.

1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது அவருக்கு வயது எட்டு. ஏனென்று புரியாமலே புளியங்கொட்டைக்கு ஊரில் திடீர் கிராக்கி வந்தது. கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்து மசூதித் தெருவிலிருந்த ஒரு மளிகைக் கடையில் கொடுப்பார். ஒரு நாளைக்கு ஓர் அணா கிடைக்கும். பிறகு ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. ஊருக்குப் பத்திரிகை வரவழைத்து விற்றுவந்த அவரது உறவினர் சம்சுதீனுக்கு, ஓடும் ரயிலிலிருந்து எறியப்படும் கட்டுகளைப் பிடித்துக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கலாமின் முதல் சம்பளம் அந்த வேலையில் வந்ததுதான்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. நாளுக்கு ஓர் அணா வீதம் ஆயிரம் ரூபாய் சேர்க்க 16,000 நாட்கள் ஆகும். ஏறத்தாழ 44 ஆண்டுகள். உழைப்பால் உயர்ந்தார் என்று மேடையில் சொல்வது எளிது, அது உண்மையும்கூட. ஆனால் சிறுவன் ஒருவனின் உழைப்பைக் கொண்டு மட்டும் எம்.ஐ.டி.யின் வாசலைத் தாண்டியிருக்க முடியாது என்பதையும் இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

அந்தக் காலத்தில் கல்வி உதவித்தொகை என்ற பெயரே இல்லாமல் சில உதவிகள் அவருக்குக் கிடைத்தன. ராமேஸ்வரத்தில் கணக்கு ஆசிரியர் ஒருவர் ஆண்டுக்கு ஐந்து மாணவர்களுக்கு மட்டும் காசு வாங்காமல் டியூஷன் எடுத்தார். விடியற்காலையிலேயே குளித்துவிட்டு வர வேண்டும் என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை. அதற்காக ஆஷியம்மா நான்கு மணிக்கே எழுந்து மகனைக் குளிப்பாட்டி அனுப்புவார். டியூஷன் முடிந்து வந்தால் குர்ஆன் ஓதப் போக வேண்டும், அதன் பிறகுதான் பேப்பர் கட்டு. போர்க்கால ரேஷனில் வீட்டுக்கு அளந்துதான் தானியம் வந்தது. ஒரு நாள் தாயார் போடப் போட இவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். தாயார் தம் பங்கையும் இவருக்கே வைத்துவிட்டதை அண்ணன் பிறகு தனியே அழைத்துச் சொன்னபோதுதான் அவருக்குத் தெரிந்தது. இதையெல்லாம் எந்த விருதுப் பட்டியலிலும் எழுத மாட்டார்கள்.

அக்காள் ஜொஹராவின் கணவர் அகமது ஜலாலுதீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலாமைவிடப் பதினைந்து வயது போல மூத்தவர், தம்பியை ஆசாத் என்று செல்லமாக அழைத்தவர். குடும்பச் சூழ்நிலையால் அவரால் அதிகம் படிக்க முடியவில்லை. ஆனாலும் அந்தத் தீவில் அன்று ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். யாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். தாம் படிக்க முடியாமல் போன படிப்பை மைத்துனர் படித்தாக வேண்டும் என்று நினைத்தார். ஜலாலுதீனும் சம்சுதீனும்தான் கலாமை ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளிக்கு அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டார்கள்.

ராமநாதபுரத்தில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. வீட்டு நினைப்பும் தாயார் செய்யும் போளியின் நினைப்பும் வாட்டின. ஒரு முறை, கணக்கு ஆசிரியர் ராமகிருஷ்ண ஐயர் வேறொரு வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்டார். ஆசிரியர் எல்லார் முன்னிலையிலும் பிரம்பால் அடித்தார். சில மாதங்கள் கழித்துக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியபோது அதே ஆசிரியர் காலைக் கூட்டத்தில் அந்தச் சம்பவத்தைச் சொல்லி, தம்மிடம் அடி வாங்குகிறவன் பெரிய ஆளாவான் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அடித்ததற்கு இப்படி ஒரு நியாயமா என்று இன்றைய பெற்றோர் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கலாம் அவர்கள் கடைசிவரை அந்த ஆசிரியரை மரியாதையோடுதான் நினைவுகூர்ந்தார்.

1950-ல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்தார். பிறகு அங்கேயே பி.எஸ்சி. இயற்பியல் படித்தார். ஆக, நான்கு ஆண்டுகள் விடுதி வாசம். அறைத் தோழர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூவரும் நன்றாகவே ஒத்துப்போனார்கள். மூன்றாம் ஆண்டில் சைவ மெஸ்ஸின் செயலாளராகக்கூட இவரைத் தேர்ந்தெடுத்தார்கள்! விடுமுறையில் ஊருக்கு வந்தால் அண்ணன் முஸ்தபா கமால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த மளிகைக் கடையில் நிற்பார். தம்பி காசிம் முகம்மது சங்கு, சிப்பிப் பொருட்கள் விற்கும் சிறு கடை வைத்திருந்தார். மசூதித் தெருவில் ஒவ்வொரு கல்லாவிலும் சேர்ந்த சில்லறை திருச்சிப் படிப்புக்குக் கைகொடுத்தது.

தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் தாம் கல்லூரியில் அப்படியொன்றும் சிறந்த மாணவர் இல்லை என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பட்டம் பெறும் நேரத்தில்தான் இயற்பியல் தமக்கான பாதை இல்லை, தேவைப்படுவது பொறியியல் என்று அவருக்குத் தோன்றியது. நான்கு வருடம் செலவழித்த பிறகு வந்த இந்த ஞானோதயம் எந்த வீட்டிலும் எளிதில் எடுபடாது. மசூதித் தெரு வீட்டில் அதற்கும் காது கொடுத்தார்கள்.

எம்.ஐ.டி. அப்போது புதிய நிறுவனம். தொழிலதிபர் சி. ராஜம் என்பவர் தம் வீட்டை விற்று, அந்தப் பணத்தில் 1949-ல் அதைத் தொடங்கியிருந்தார். வானூர்தி, ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ், கருவியியல் என்று அன்று நாட்டில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத படிப்புகளை, பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் பாடமாக அங்கே வைத்திருந்தார்கள். இப்படி ஒருவர் விற்ற வீட்டில் கல்லூரி எழுந்தது. அதில் நுழைவதற்கு இன்னொருவரின் நகை அடகுக்குப் போக வேண்டியிருந்தது.

நம் கரையோர ஊர்களில் அக்காளை லாத்தா என்றோ ராத்தா என்றோ அழைப்போம். ஜொஹரா லாத்தா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் கழற்றி அடகு வைத்தார். தம்பி குரோம்பேட்டையில் சேர்ந்தார்.

பெண்ணின் நகை என்பது நம் சமுதாயத்தில் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். மார்க்கப்படி அது அவளுடைய சொத்து, கணவனுக்கோ தகப்பனுக்கோ அதில் உரிமையில்லை. கஷ்ட காலத்துக்கு அவள் கையில் இருக்கும் ஒரே காப்பு அதுதான். தம்பியின் திறமை மேல் இருந்த நம்பிக்கையில் அதைத் தூக்கிக் கொடுத்தது கலாமை உலுக்கிவிட்டது. சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த வளையல்களை மீட்டே தீருவது என்று உறுதி எடுத்துக்கொண்டார். மாணவனாக இருக்கும்போது சம்பாதிக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். கடுமையாகப் படித்துக் கல்வி உதவித்தொகை வாங்குவது. அப்படியே வாங்கினார்.

வரிசையைக் கவனிக்க வேண்டும். உதவித்தொகை வந்தது உண்மை. ஆனால் அது இரண்டாவதாக வந்தது, வளையல்தான் முதலில் போயிற்று. அன்றைக்கு மட்டும் அப்படியில்லை. இன்றும் அரசு கல்வி உதவித்தொகைகளில் பெரும்பாலானவை, சேர்ந்து, கட்டணம் கட்டி, ரசீதையும் படிப்புச் சான்றிதழையும் இணைத்து விண்ணப்பித்த பிறகே, மாதங்கள் கழித்து வங்கிக் கணக்குக்கு வருகின்றன. சிறுபான்மையினருக்கான மத்திய அரசு உதவித்தொகை ஆண்டுதோறும் தொடர வேண்டுமானால் முந்தைய தேர்வில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும் என்பது விதியாக இருந்தது. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய ஃபெல்லோஷிப் 2022-23 முதல் நிறுத்தப்பட்டேவிட்டது. தமிழகத்தில் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை சேரும்போதே கழிந்துவிடுவது ஆறுதலான விஷயம். ஆனாலும் விடுதிக்கும் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் முதல் வாரத்தில் கட்டும் பணம் வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

நம் ஊர்களிலும் இதே கதைதான். நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, காசோலை கொடுக்கிறோம். நல்ல காரியம், அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. ஆனால் பல ஊர்களில் அந்த விழா நடக்கும்போது கல்லூரிகளில் அட்மிஷன் முடிந்து பல வாரங்கள் ஆகியிருக்கும். அதற்குள் யாரோ ஒரு தாயோ அக்காளோ அடகுக் கடைக்குப் போய்வந்திருப்பார். அப்படிப் போக நகையே இல்லாத வீட்டில் பிள்ளை கிடைத்த வேலைக்குப் போயிருப்பான். பைத்துல்மால் வைத்திருக்கும் ஜமாஅத்துகள், கைமாற்றாகவாவது அந்தப் பணத்தை மே மாதமே பிள்ளையின் கையில் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

எம்.ஐ.டி.யில் காட்சிக்காக இரண்டு பழைய விமானங்களை நிறுத்தியிருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் கலாம் அவற்றின் அருகிலேயே உட்கார்ந்திருப்பார். முதலாண்டு முடிந்து பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது தயங்காமல் வானூர்தியை எடுத்தார். ஸ்பாண்டர், பண்டலை, நரசிங்க ராவ் ஆகிய மூன்று ஆசிரியர்கள் தம்மை உருவாக்கியதாகப் பின்னாளில் நன்றியோடு எழுதினார்.

பாடங்கள் முடிந்த பிறகு, தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை நான்கு தோழர்களோடு சேர்ந்து வடிவமைக்கும் வேலை கிடைத்தது. காற்றியக்க வடிவமைப்பு கலாமின் பொறுப்பு. இயக்குநராகவும் வடிவமைப்புப் பாடத்தின் ஆசிரியராகவும் இருந்த பேராசிரியர் ஸ்ரீனிவாசன் வந்து பார்த்தார். வேலை படுமோசமாக இருக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கலாம் பல காரணங்கள் சொல்லிப் பார்த்தார், பிறகு ஒரு மாத அவகாசம் கேட்டார். அன்று வெள்ளிக்கிழமை பிற்பகல். மூன்று நாள் தருகிறேன், திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் பேராசிரியர்.

கலாமுக்கு உலகமே இருண்டது. உதவித்தொகைதான் அவரது உயிர்நாடி. அது நின்றால் படிப்பு நின்றுவிடும், வளையலை மீட்கும் வழியும் அடைந்துவிடும். அன்றிரவு சாப்பிடாமல் வரைபலகை முன்னால் உட்கார்ந்தார். விடிந்ததும் ஒரு மணி நேரம் மட்டும் ஓய்வெடுத்துக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை முடியும் நேரத்தில், அறையில் யாரோ நிற்பது போலிருந்தது. டென்னிஸ் விளையாடிவிட்டு அதே உடையோடு கிளப்பிலிருந்து நேராக வந்திருந்தார் ஸ்ரீனிவாசன். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ! வரைபடத்தைப் பார்த்தவர் கலாமைத் தட்டிக்கொடுத்தார். நிறைவேற்ற முடியாத கெடுவைத்தான் வைத்தேன், இவ்வளவு நன்றாகச் செய்வாய் என்று எதிர்பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

இந்தச் சம்பவத்தை ஆசிரியரின் பெருமையாகச் சொல்வதே வழக்கம். கலாம் அவர்களும் அப்படித்தான் சொன்னார். நமக்கு அதில் கொஞ்சம் பயமும் தோன்றுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காய்ச்சல் வந்திருந்தால்? ஏழை மாணவனுக்கு உதவித்தொகை கொடுப்பவர் கையில் அந்த மாணவனின் முழு வாழ்க்கையும் இருக்கிறது. நிபந்தனை போடுபவர்கள், ஸ்ரீனிவாசன் செய்தது போல விடுமுறை நாளில் வந்து எட்டிப் பார்க்கவும் வேண்டும்.

அவர் மாணவராகப் பெற்ற பரிசுகளில் ஒன்றைத் தமிழர் யாரும் மறக்கக் கூடாது. எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே கட்டுவோம் என்ற பொருளில் தமிழில் எழுதினார். முதல் பரிசு கிடைத்தது. கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். விமானக் கலையைத் தமிழில் எழுத முடியுமா என்று பலரும் சந்தேகப்பட்ட காலம் அது.

பிரிவு உபசார நாளில் குழுப் புகைப்படம் எடுத்தார்கள். பேராசிரியர்கள் முன்வரிசையில் அமர, மாணவர்கள் பின்னால் மூன்று வரிசையாக நின்றார்கள். கலாம் மூன்றாம் வரிசையில் நின்றிருந்தார். ஸ்பாண்டர் எழுந்து தேடி, அவரை முன்னே அழைத்துத் தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

எம்.ஐ.டி. முடிந்து பெங்களூரு ஹெச்.ஏ.எல். நிறுவனத்தில் பயிற்சி பெற்றார். பிறகு விமானப்படை அதிகாரி தேர்வுக்காக டேராடூன் போனார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், எடுத்ததோ எட்டுப் பேரை. அந்த வேதனையோடு டெல்லி திரும்பியபோது பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப வளர்ச்சி இயக்ககத்திலிருந்து பணி ஆணை காத்திருந்தது. 1958-ல் முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தார். அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். எம்.ஐ.டி. சேர்க்கைக்குக் கட்டிய பணம், அந்த நாட்டின் ஓர் இளம் பொறியாளரின் நான்கு மாத அடிப்படைச் சம்பளத்துக்குச் சமம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

அதன் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். தும்பா, 1980 ஜூலை 18-ல் ரோகிணியைச் சுமந்து பறந்த எஸ்.எல்.வி.-3, அக்னி, பிருத்வி. 1981-ல் பத்ம பூஷண், 1990-ல் பத்ம விபூஷண், 1997-ல் பாரத ரத்னா. 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவர். படித்துப் பெற்ற முனைவர் பட்டம் அவருக்கு இல்லை. பெயருக்கு முன்னால் வரும் டாக்டர் என்பது பல்கலைக்கழகங்கள் தாமாகவே தேடி வந்து கொடுத்த மதிப்புறு பட்டம். உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமாக அப்படிக் கொடுத்தவை முப்பதுக்கும் மேல்.

அவர் படித்த காலத்தில் நம் கரையில் பொறியியல் கல்லூரி கிடையாது. கீழக்கரையில் முகம்மது சதக் பொறியியல் கல்லூரி 1984-ல் வந்தது. பெண்களுக்கென்று தாசிம் பீவி அப்துல் காதர் கல்லூரி 1988-ல் வந்தது. ஜொஹரா லாத்தாவின் காலத்தில் அந்த வயதுப் பெண் பிள்ளைகள் கல்லூரி வாசலைப் பார்த்ததே அரிது.

2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் உரையாற்றிக்கொண்டிருக்கும்போதே கலாம் அவர்கள் சரிந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். ஜூலை 30-ல் ராமேஸ்வரத்தில் ஜனாஸா தொழுகை நடந்து, பேக்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டார். அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து மேலான சுவனத்தைத் தருவானாக. அவர் பெயரால் தமிழக அரசு அந்த வாரத்திலேயே ஒரு விருதை அறிவித்தது. ஐந்து லட்சம் ரூபாயும் எட்டு கிராம் தங்கப் பதக்கமும், அதாவது ஒரு பவுன். அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ல் அதை முதன்முதலாகப் பெற்றவர் அரியலூர்க்காரரான இஸ்ரோ விஞ்ஞானி என். வளர்மதி.